கடைசி பெஞ்ச் எம்.பி. கேட்ட கேள்விகளை உட்கார்ந்து படித்தேன் (வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் வரவும்)

குடியாத்தத்துக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் நெல்லூர்ப்பேட்டை டீக்கடையில் ஒரு சண்டை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்தான் காரணம். ஒரு எம்.பி.யின் முகம், பக்கத்தில் வருகை இத்தனை சதவீதம், விவாதம் இத்தனை, கேள்வி இத்தனை என்று மார்க் ஷீட் மாதிரி போட்டிருந்தது. ஒருவர் "பார்த்தியா, நம்ம ஆளு பாஸ்" என்றார். இன்னொருவர் "கேள்வி கேட்டா பாலம் வந்துடுமா?" என்றார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற கேள்வி என்ன என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். சரி, பார்த்துவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்ற இணையதளத்தில் உட்கார்ந்தேன். நம்ம பக்கத்தில் இருந்து முன்பு டெல்லிக்குப் போன ஒருவரின் கேள்விகளையும் பேச்சுகளையும் ஒன்று விடாமல் படித்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த இழை பத்தாவது பதிவிலேயே கட்சிச் சண்டையாகிவிடும். அமைச்சராக இருந்ததில்லை, டிவியில் வந்ததில்லை, உட்கார்ந்தது பின்வரிசையில். இது போதும்.

முதல் ஞாயிறு வெறுத்துப் போனது. பருத்தி உற்பத்தி எவ்வளவு, நாட்டில் எத்தனை விமான நிலையங்கள், ஏதோ ஒரு திட்டத்தில் மாநில வாரியாகச் செலவு எவ்வளவு என்று யாரும் எங்கிருந்தும் கேட்கக்கூடிய கேள்விகள். தொகுதியின் வாசனையே இல்லை. இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். பீடித் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பதில் ஏன் தாமதம், அட்டை இல்லாததால் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை நின்றுபோனது அரசுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் அம்மா பீடி சுற்றியவர். மடியில் முறம், பக்கத்தில் ரேடியோ, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த அட்டைக்காக நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்திருக்கிறேன். அதே சமயத்தில் டெல்லியில் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

பதில் என்ன தெரியுமா? "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்." அவ்வளவுதான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் வேலை செய்தாரா இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலூர் வெயில்

இதுல யோசிக்க என்ன இருக்கு? கேட்டார், பதில் வரலை, கதை முடிந்தது. மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை என்று நம்ம ஊருக்கு ஒரு வசனம் உண்டு. அதோடு "பதிலில்லா கேள்வி" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கேள்வியால் ஒரு மந்திரியாவது வீட்டுக்குப் போயிருக்கிறாரா? சொல்லுங்கள், நம்புகிறேன்.

வாலாஜா டீச்சர்

போயிருக்கிறார் தம்பி, அதுவும் நம்ம தமிழ்நாட்டுக்காரர். 1957-ல் எல்.ஐ.சி. ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் ரூ.1.24 கோடிக்கு அது பங்கு வாங்கிய விஷயம் மக்களவையில் கேள்வியாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன்தான், ஆனால் எந்தப் பதவியும் இல்லாத ஆளுங்கட்சி உறுப்பினர். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்து, 1958-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். தன் கட்சி மந்திரியைத் தன் கட்சிக்காரரே கேட்டது அது. 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா சொல்வதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும். ஓட்டில்தான் அந்தக் கட்டுப்பாடு, கேள்வி கேட்பதில் இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கே போய் நிற்கும் என்பது நமக்குத் தெரியும்.

கேள்வி கேட்கும் உரிமையே நமக்குத் தவணை முறையில் வந்ததுதான். சட்டசபை உறுப்பினர்கள் அரசைக் கேள்வி கேட்கலாம் என்பது 1892 இந்திய கவுன்சில்கள் சட்டத்தில் வந்தது. துணைக்கேள்வி கேட்க முடியாது. பதில் எதுவானாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். 1909-ல் முதலில் கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றார்கள். மற்ற உறுப்பினர்களும் எழுந்து கேட்கலாம் என்பது 1919 சட்டத்துக்குப் பிறகு. பாலாறு உள்ளிட்ட ஆறுகளைப் பற்றி மதராசும் மைசூரும் ஒப்பந்தம் போட்டதும் அதே 1892-ல்தான். ஆற்றுக்கு ஒப்பந்தம் போட்ட வருடத்திலேயே கேள்வி கேட்கவும் விட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

ஆரணி டு டெல்லி

நான் இரண்டு வருடம் டெல்லியில் ஓர் எம்.பி.க்கு உதவியாளராக இருந்தேன் (வேறு மாநிலத்துக்காரர், வேறு கட்சி). கேள்வி எழுதுவதுதான் என் வேலையில் பாதி. அதனால் சமையல்கட்டில் இருந்து பேசுகிறேன்.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதது 230. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி உண்டு. குறியிடாததற்கு எழுத்தில் பதில் மட்டும். குறைந்தது 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். மக்களவையில் ரயில்வே என்றால் புதன்கிழமை. குவிகிற நோட்டீசுகளைக் குலுக்கிப் போட்டு வரிசை எடுப்பார்கள். நட்சத்திரக் கேள்வி விழுவது நிஜமாகவே லாட்டரி. விழுந்தாலும், காலை 11 மணிக்குத் தொடங்கி 12-க்குள் ஐந்தாறு கேள்விக்கு மேல் நகராது. பதினைந்தாவது இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் அன்றைக்கு எழுந்திருக்கும் வேலையே இல்லை. கூச்சல் குழப்பம் என்றால் முதல் இடத்தில் இருந்தாலும் இல்லை.

இனி எண்ணிக்கை ரகசியம். பல எம்.பி.க்கள் ஒரே மாதிரி கேள்வி கொடுத்தால் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். தலைப்பில் பத்துப் பெயர் இருக்கும், பத்துப் பேர் கணக்கிலும் ஒன்று ஏறும். சில கேள்விகளை ஓர் அலுவலகத்தில் எழுதி நான்கு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பருத்தி, விமான நிலையம் என்று குடியாத்தத்து நண்பர் படித்த சப்பைக் கேள்விகளில் பாதி அப்படி வந்திருக்கும். நானும் எழுதியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட விவகாரத்தில் 2005 டிசம்பரில் இரண்டு அவையிலும் சேர்த்து 11 எம்.பி.க்களை நீக்கினார்களே, அதன் பிறகு எல்லோரும் கொஞ்சம் பயந்தார்கள்.

மறுபக்கம், பூஜ்யம் என்றால் சோம்பேறி என்றும் அர்த்தமில்லை. அமைச்சர்கள் கேள்வி கேட்க முடியாது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட மாட்டார்கள். உங்கள் வேலூரில் 1999-ல் ஜெயித்த என்.டி.சண்முகம் மத்திய இணை அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்துக்கு அவருக்கு மார்க் ஷீட் போட்டால் முட்டைதான் வரும்.

குடியாத்தத்து நண்பரே, அந்தப் பதிலைத் தூக்கிப் போடாதீர்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "பரிசீலனையில் உள்ளது", "ஆராய்ந்து பார்க்கப்படும்" என்பதெல்லாம் நமக்குத் தட்டிக்கழிப்பு. அவை விதிப்படி அது ஒரு வாக்குறுதி. அரசு உறுதிமொழிகள் குழு என்று தனியாக ஒன்று 1953-லிருந்து மக்களவையில் இருக்கிறது. அமைச்சர் வாயில் இருந்தோ எழுத்தில் இருந்தோ இந்த மாதிரி சொல் வந்தால் பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்று என்று அமைச்சகத்தைத் துரத்தும். மூன்று மாதம் மூன்று வருடமாவது சகஜம். ஆனால் பேரேட்டில் இருந்து அது சும்மா அழியாது. கேள்வி வந்த தேதியில் தேடாதீர்கள், நிறைவேற்ற அறிக்கை பின்னால் எப்போதோ மேசையில் வைக்கப்பட்டிருக்கும். தேடிப் பாருங்கள்.

வேலூர் வெயில்

பரிசீலனையில் உள்ளது என்பது வாக்குறுதியா! எங்கள் தெரு சாக்கடை இருபது வருடமாக வாக்குறுதியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காட்பாடி ஜங்ஷன்

வணக்கம். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம், அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் கோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் வேலை. நீங்கள் எல்லோரும் கேட்கிறவர் பக்கத்தில் இருந்து பேசுகிறீர்கள். பதில் தயாரிக்கிறவன் பக்கத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

நாடாளுமன்றக் கேள்விக்கு எங்கள் வட்டாரத்தில் பெயர் பி.க்யூ. (பார்லிமென்ட் கொஸ்டின்). "பி.க்யூ. வந்திருக்கு" என்று ஒரு சத்தம் கேட்டால் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட வேண்டியதுதான். டெல்லி ரயில்வே போர்டில் இருந்து சென்னை தலைமை அலுவலகம், அங்கிருந்து கோட்டம், கோட்டத்தில் இருந்து சம்பந்தப்பட்ட பிரிவு. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் என்பார்கள். வந்து சேரும்போதே மணி மூன்று. மற்ற கடிதம் ஆறு மாதம் தூங்கும். பொதுமக்கள் மனு அதற்கு மேலும் தூங்கும். பி.க்யூ. மட்டும் தூங்காது. தப்பான தகவல் கொடுத்து அமைச்சர் அவையில் மாட்டிக்கொண்டால் அது சபை உரிமை மீறல் வரைக்கும் போகும். அந்தப் பயம் மேலிருந்து கீழ்வரை உண்டு.

ஒருமுறை நம்ம பக்கத்து நடைமேடை, மேற்கூரை, குடிநீர் பற்றி ஒரு கேள்வி வந்தது. குறியிடாத கேள்விதான், பேப்பரில் ஒரு வரி கூட வராது. ஆனால் "எத்தனை குடிநீர்க் குழாய் வேலை செய்கிறது" என்று எழுத வேண்டுமே. ஆள் அனுப்பி எண்ணினோம். எண்ணப் போனவன் போன இடத்தில் வேலை செய்யாத குழாய் நான்கைப் பார்த்துவிட்டு போன் செய்தான். "செய்யவில்லை என்று எழுதுவதா?" என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "பிளம்பரைக் கூப்பிடு" என்றார். பதில் டெல்லி போய்ச் சேர்வதற்குள் நான்கும் ஓடியது. அந்த எம்.பி.க்கு இது தெரியவே தெரியாது. அவருக்குக் கிடைத்தது "அனைத்துக் குழாய்களும் செயல்படுகின்றன" என்று ஒரு வரி. அவருடைய ஆட்கள் "ஒன்றும் நடக்கலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கேள்வியை எழுதும்போது ஊரை ஒழுங்காகத் தெரிந்து எழுத வேண்டும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். வேலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காட்பாடிதான் ஸ்டேஷன். காட்பாடி இருப்பது சென்னைக் கோட்டத்தில். ஊருக்குள் இருக்கிற வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன், விழுப்புரம் லைன் என்பதால் திருச்சிக் கோட்டத்தில். "வேலூர் ரயில் நிலையம்" என்று கேள்வி வந்தால் நாங்கள் திருச்சிக்குத் தள்ளுவோம், திருச்சி எங்களுக்குத் தள்ளும். போதாததற்கு, தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு காட்பாடி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. காட்பாடி ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் நின்றுபோனால் ஊர் வேலூர் எம்.பி.யைத் திட்டும். பாவம், அது அவர் தொகுதியே இல்லை. (எந்த எம்.பி.யும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம், அது வேறு விஷயம்.)

ஆரணி டு டெல்லி

பிளம்பர் கதைக்காகவே இந்த இழையைச் சேமித்துவிட்டேன் சார்.

ரயில்வே பதில் என்றதும் ஒரு பத்தி ஞாபகம் வருகிறது. திண்டிவனம் - நகரி புதிய பாதை, எங்கள் ஆரணி வழியாக வர வேண்டியது, சுமார் 180 கி.மீ. 2006-07 பட்ஜெட்டில் சேர்த்தார்கள். எங்கள் அப்பா "ரயில் வந்ததும் மனையை விற்கலாம்" என்று வைத்திருந்தார். இன்னும் வைத்திருக்கிறார். அதைப் பற்றி எந்தக் கட்சி எம்.பி. எந்த வருடம் கேட்டாலும் அடியில் ஒரே பத்தி வரும்: ஒரு ரயில் திட்டம் முடிவது நிலம் கையகப்படுத்தல், வனத்துறை அனுமதி, குறுக்கே போகும் கம்பி குழாய்களை மாற்றுவது, பருவநிலை, சட்டம் ஒழுங்கு எனப் பலவற்றைப் பொறுத்தது, எனவே கால வரையறை சொல்ல இயலாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

காட்பாடி ஜங்ஷன்

அந்தப் பத்தியை டைப் அடித்த விரல்களில் இரண்டு என்னுடையது தம்பி. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பத்திக்கு மேலே இருக்கும் எண்கள் வருடா வருடம் மாறும். எவ்வளவு நிலம் தேவை, எவ்வளவு வந்தது, இதுவரை செலவு எவ்வளவு. சும்மா கிடக்கிற வருடத்தில் எண் அப்படியே நிற்கும். நான்கு வருட பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே நின்றது, யாரால் நின்றது என்று தெரிந்துவிடும். நாங்கள் பொய் எழுத மாட்டோம். கேட்டதற்கு மேல் எழுத மாட்டோம், அவ்வளவுதான்.

ஆம்பூர் தோல் மண்டி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன்.

குழாய் கதை நன்றாக இருக்கிறது சார். ஆனால் எங்கள் பக்கம் கேள்வி குழாயைப் பற்றி இல்லை, பாலாற்றைப் பற்றி. நான் தோல் வியாபாரக் குடும்பம். எங்கள் தப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. வாணியம்பாடியில் இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கே தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. அப்புறம் 2025 ஜனவரி 30-ல் அதே பாலாற்றுக்கு மறுபடி ஒரு தீர்ப்பு. நடுவில் இருபத்தெட்டு வருடம். எத்தனை எம்.பி., எத்தனை கேள்வி!

ஒரு நாள் நானும் தேடிப் பார்த்தேன். ஒரே உறுப்பினர் ஒரு கூட்டத்தொடரில் வர்த்தக அமைச்சரிடம் தோல் ஏற்றுமதிக்கு என்ன உதவி என்று கேட்கிறார். சுற்றுச்சூழல் அமைச்சரிடம் தோல் கழிவு மீது என்ன நடவடிக்கை என்று கேட்கிறார். இரண்டும் சரியான கேள்விதான். இரண்டுக்கும் பதில் வந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பதிலும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கிற குரோமியத் தொழிற்சாலையின் கழிவு மலை மாதிரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அது எந்த அமைச்சரின் கேள்வி?

கோர்ட்டுக்குப் போன குடிமக்கள் மன்றம் செய்ததில் பாதிகூட எந்த எம்.பி.யும் செய்யவில்லை என்பது என் வாதம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாலாஜா டீச்சர்

கோபம் எதற்கு பாய், சரியாகத்தான் சொன்னீர்கள். ஒன்று மட்டும். ஆறு, மணல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாததைக் கேட்டால் நோட்டீசையே தள்ளிவிடுவார்கள். நல்ல கேள்வி எழுதுகிறவர் அதை மத்திய வாரியத்தின் அறிக்கை, மத்திய மானியம், மாநிலங்களுக்கு இடையிலான ஆறு என்று ஏதாவது ஒரு கதவு வழியாக நுழைப்பார். பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, நம்மிடம் 222 கி.மீ. ஓடுகிற ஆறு என்பதால் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. மாநில விஷயத்துக்கு நம்ம சட்டமன்றம். அங்கே கேள்விகள் "அரசு ஆவன செய்யுமா?" என்று முடியும். பதில் "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்". இந்தச் சொற்றொடரைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம், நிதிநிலைக்கேற்ப.

என் ஆதங்கம் வேறு. நம்மவர்கள் மக்களவையில் தமிழில் பேசினால், அச்சாகிற அவைக் குறிப்பில் ஆங்கிலம்தான் இருக்கும். தமிழில் பேசியதன் மொழிபெயர்ப்பு என்று அடியில் ஒரு குறிப்பு. பேசிய தமிழ் எங்கும் அச்சில் இல்லை. வேலூரில் 1980-லும் 1989-லும் ஜெயித்த அப்துல் சமது சாகிப் எப்பேர்ப்பட்ட மேடைப் பேச்சாளர்! அப்படிப்பட்ட ஒருவர் அங்கே தமிழில் பேசியிருந்தாலும், நூறு வருடம் கழித்துப் படிக்கிறவருக்கு யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரல்தான் கிடைக்கும்.

ஆம்பூர் தோல் மண்டி

அப்துல் சமது சாகிப்பை நாங்கள் சிராஜுல் மில்லத் என்போம், நினைவுபடுத்தினீர்கள் டீச்சர். எங்கள் வாப்பா அவர் நடத்திய "மணிச்சுடர்" பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். சரி, கோபம் பாதி குறைந்தது.

மட்டுறுத்துநர்

இப்போது பதவியில் இருக்கும் எம்.பி.க்களை ஒப்பிட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

குடியாத்தத்துக்காரன்

ஆரணி நண்பருக்கு நன்றி. கிடைத்துவிட்டது!

நான்கு இரவு ஆனது. நிறைவேற்ற அறிக்கை நிஜமாகவே இருக்கிறது. கேள்வி கேட்டு இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து மேசையில் வைத்திருக்கிறார்கள். மாநில வாரியாக எத்தனை அட்டை கொடுத்தோம், எத்தனை நிலுவை, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு பக்கம். அது வந்தபோது அவர் எம்.பி.யாகவே இல்லை. அடுத்த தேர்தலில் அவருக்கு சீட்டே கொடுக்கவில்லை. அவருக்கு அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருக்குமா என்று தெரியாது. எங்கள் அம்மாவுக்கு அட்டை வந்தது அதற்குக் கொஞ்ச நாள் பிறகு. ரெண்டுக்கும் முடிச்சுப் போட மாட்டேன். வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிப் படித்துச் சொன்னேன். "அந்தாளா? கல்யாணத்துக்கு வந்தா முன்வரிசையில உக்கார மாட்டாரு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய பேச்சுகளையும் பார்த்தேன். பட்ஜெட் விவாதம் ஒன்றில் பேச்சு பாதியில் நிற்கிறது, மணி அடித்திருப்பார்கள் போல. இன்னும் சிலவற்றில் பேசவே இல்லை, எழுதிக் கொண்டுபோன உரையை மேசையில் வைத்திருக்கிறார். இதுவும் மார்க் ஷீட்டில் "விவாதம்: 1" என்று ஏறுமா?

ஆரணி டு டெல்லி

ஏறும். சின்னக் கட்சிக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேரம், பெரிய கட்சியில் பின்வரிசைக்கு அதுவும் சந்தேகம். ராத்திரி வரை காத்திருந்து பேர் வராமல் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதி 377 என்று ஒன்று இருக்கிறது, தொகுதிக் குறையைச் சின்னதாக எழுதிப் படிக்கலாம். அமைச்சர் பின்னால் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். பூஜ்ய நேரத்தில் (கேள்வி நேரம் முடிந்த பிறகு வருவது) கத்துவது டிவிக்கு நல்லது, பதில் சொல்ல யாருக்கும் கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால் ஊர் வேலைக்கு 377-ம் குறியிடாத கேள்வியும்தான். இரண்டுக்கும் கைதட்டல் கிடையாது.

பதிலைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் சொல்கிறேன். கேள்வியில் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பிரிவு இருக்கும். பதிலும் தனித்தனியாக வந்தால் நல்ல பதில். "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்து ஒரே பத்தியாக வந்தால், எந்தப் பிரிவுக்கு பதில் இல்லை என்று தேடுங்கள். ஒன்று கட்டாயம் காணாமல் போயிருக்கும்.

வேலூர் வெயில்

சரி, தோற்றுப்போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் புரிந்தது, இங்கே கேள்வி கேட்டவரும் அடுத்த தடவை அதைப் படிக்கவில்லை, ஓட்டுப் போட்ட நாமும் படிக்கவில்லை. படித்த ஒரே ஆள் காட்பாடி சார், அவரும் சம்பளத்துக்காகப் படித்தார்.

அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் என்றைக்கு விமானம் இறங்கும் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் காட்பாடியில் இருந்து ரயிலிலேயே போகிறேன்.

குடியாத்தத்துக்காரன்

ஒரு காரியம் செய்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். நானே ஒரு கேள்வி எழுதினேன். ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் பீடித் தொழிலாளர் நல வரியை எடுத்துவிட்டார்கள். 1976 சட்டப்படி அந்த வரியில் வந்த பணம்தான் மருத்துவமனை, உதவித்தொகை எல்லாவற்றுக்கும். இப்போது பட்ஜெட்டில் இருந்து ஒதுக்குகிறார்கள். எங்கள் தெருவில் இந்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கு உதவித்தொகை வரவில்லை. அதனால்:

(அ) நல வரி ரத்தான பிறகு பீடித் தொழிலாளர் நலத்துக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு;
(ஆ) வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், பெற்றவர்கள் எத்தனை பேர்;
(இ) நிலுவையில் உள்ளவர்களுக்கு எப்போது வழங்கப்படும்?

நாளை எம்.பி. அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

(அ) நன்றாக இருக்கிறது. (ஆ)-வில் எந்தக் கல்வியாண்டு என்று போடு, இல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியான வருடத்தை எடுத்துக்கொள்வார்கள். மாவட்டக் கணக்கு தனியாக இல்லை என்றும் சொல்வார்கள், அதனால் "தமிழ்நாட்டில், மாவட்ட வாரியாக" என்று எழுது.

(இ)-யை மாற்று. "எப்போது" என்று கேட்டால் "விரைவில்" என்று எழுதிவிட்டு சாப்பிடப் போய்விடுவோம். நிலுவை விண்ணப்பங்கள் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு வந்தன, இப்போது யாரிடம் இருக்கின்றன என்று கேள். அதற்கு ஆள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாக வேண்டும்.

குடியாத்தத்துக்காரன்

மாற்றிவிட்டேன் சார். காலையில் போய்க் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் போனில் படம் எடுத்துக்கொண்டு, "அண்ணே, இது நீங்களே எழுதினதா?" என்றான். ஆறு பேர் எழுதினது என்றேன்.